நோயாளி இல்லாத அறையில் எடுக்கப்படும் முடிவு

மெல்பர்ன் நகரின் பார்க்வில் பகுதியில் இருக்கிறது பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையம். 1949-இல் தொடங்கப்பட்டு, 2016-இல் கிழக்கு மெல்பர்னிலிருந்து இந்தப் புதிய கட்டடத்துக்கு இடம் மாறிய மருத்துவமனை. அங்கே குறித்த நாள்களில் ஒரு கூட்டம் கூடும். அறுவை நிபுணர், மருந்து கொடுக்கும் புற்றுநோய் நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், அணு மருத்துவ நிபுணர், திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்பவர், ஸ்கேன் படங்களைப் படிப்பவர், ஒருங்கிணைக்கும் செவிலியர் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். எதிரே திரையில் ஒருவருடைய ஸ்கேன் ஓடும். அந்த ஒருவர் மட்டும் அங்கே இருக்கமாட்டார். அவருக்கு முதலில் அறுவையா மருந்தா, இப்போதா ஆறு மாதம் பொறுத்தா என்பதெல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும்.

பல்துறைக் குழுக் கூட்டம் என்று இதற்குப் பெயர். மருத்துவமனைக்குள் எம்.டி.டி. என்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் ஆஸ்திரேலியாவின் பெரிய மருத்துவமனைகளில் இத்தகைய கூட்டம் வழக்கமான ஒன்று. அரிய புற்றுநோய்க்கு அப்படியில்லை. அந்த நோயை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பழகியவர்கள் நாடு முழுவதும் ஒருசில அறைகளில்தான் கூடுகிறார்கள். உங்கள் கோப்பு அந்த அறைக்குப் போகுமா? போகும் என்றால், முதல் கத்தி படுவதற்கு முன்பா பின்பா? பல நோயாளிகளுக்கு நோயின் போக்கே இதைப் பொறுத்துத்தான் அமைகிறது.

ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வருவது அரிய புற்றுநோய். ஐரோப்பிய ஆய்வாளர்கள் வகுத்த அளவு இது. ஆஸ்திரேலியாவிலும் இதையே பின்பற்றுகிறார்கள். ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் சிறிய எண்தான். ஆனால் ஐரோப்பியக் கணக்கில் இப்படி 198 வகைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. நோய் கண்டபின் ஐந்தாண்டு தாண்டியும் வாழ்வோர் பரவலான புற்றுநோய்களில் 63 சதவீதம், அரியவற்றில் 49 சதவீதம் என்று 2017-இல் வெளியான அந்தக் கணக்கெடுப்பு காட்டியது. இந்த வித்தியாசத்துக்கு நோயின் கடுமை ஒரு காரணம். தாமதமாகக் கண்டுபிடிப்பதும், தவறான பெயர் வைப்பதும், மருந்துச் சோதனை நடத்தப் போதிய ஆள் சேராததும் மற்ற காரணங்கள். இந்த மற்ற காரணங்களை மனிதர்களால் மாற்ற முடியும்.

சிகிச்சை ஒருங்கிணையாமல் சிதறிக் கிடப்பதும் மனிதர்களால் மாற்றக்கூடிய குறைதான். சிட்னியில் அதைத் தன் உடம்பிலேயே அனுபவித்து அறிந்தவர் கிறிஸ் ஓ'பிரையன். ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கான அறுவை நிபுணர். தொலைக்காட்சித் தொடர் மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். 2006-இல் அவருக்கே கொடிய மூளைக்கட்டி வந்தது. மருத்துவமனையின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த அவருக்குக்கூட, ஒரு நோயாளியாக நடக்கும்போது அந்தப் பாதை துண்டு துண்டாகக் கிடந்தது. ஸ்கேன் ஓரிடம், கதிர்வீச்சு ஓரிடம், ஆலோசனை வேறோரிடம். எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்று அரசுகளிடம் வாதாடினார். 2009 ஜூனில் இறந்துபோனார். அவர் கேட்ட மையம், கிறிஸ் ஓ'பிரையன் லைஃப்ஹவுஸ் என்ற பெயரில், 2013-இல் கேம்பர்டவுனில் திறக்கப்பட்டது. நாடறிந்த ஒரு நிபுணருக்கே இந்த அலைச்சல் என்றால், வென்ட்வொர்த்வில்லில் இருந்து இரண்டு ரயில் மாறிப் போகும் ஒரு தமிழ்த் தாய்க்கு எப்படி இருக்கும்?

ஒருங்கிணைப்பு என்றால் நடைமுறையில் என்ன என்பதைப் புரிந்துகொள்ள நியூரோஎண்டோகிரைன் கட்டியைவிட நல்ல உதாரணம் இல்லை. 2018 மார்ச்சில் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு வந்திருப்பது இதுதான் என்று அறிவித்தபோதுதான் நம்மில் பலர் இந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டோம். ஸ்டீவ் ஜாப்ஸின் கணையத்தில் இருந்ததும் இந்த இனம்தான். வழக்கமான கணையப் புற்றுநோய் அல்ல.

நரம்பின் சைகையை வாங்கி ஹார்மோன் சுரக்கும் ஒருவகை செல்கள் நம் உடம்பில் சிறுகுடல், கணையம், நுரையீரல் என்று பல இடங்களில் பரவிக் கிடக்கின்றன. அவை கட்டியாகும்போது சிலருக்கு ஹார்மோனை அளவில்லாமல் கொட்டத் தொடங்கும். முகமும் கழுத்தும் திடீரென்று சூடேறிச் சிவக்கும். வயிற்றுப்போக்கு நிற்காது. மூச்சு இரைக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் எளிதில் மனதுக்கு வரும் வேறு பெயர் இருக்கிறது: மாதவிடாய் நிற்கும் பருவம், குடல் எரிச்சல் நோய், ஆஸ்துமா. ஆகவே பலர் ஆண்டுக்கணக்கில் வேறு வேறு மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நம் போன்ற மாநிறத் தோலில் முகம் சிவப்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். “முகமெல்லாம் திகுதிகுவென்று எரிகிறது” என்று நோயாளியே வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

அமெரிக்கப் பதிவேட்டில் 1973-இல் ஒரு லட்சத்துக்கு 1.09 ஆக இருந்த இந்த நோய், 2012-இல் 6.98 ஆக ஏறியது. ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் பெருகப் பெருக, முன்பு கண்ணில் படாதவை இப்போது படுகின்றன என்பது இந்த ஏற்றத்துக்குப் பெரிய காரணம். மொத்தமாகக் கூட்டினால் ‘அரிய’ என்ற கோட்டையே இது தாண்டிவிட்டது. ஆனாலும் குடலில் வருவது வேறு, கணையத்தில் வருவது வேறு, நுரையீரலில் வருவது வேறு. ஒவ்வொரு பிரிவும் இன்னும் அரிதாகவே இருக்கிறது.

இந்தக் கட்டி செல்கள் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் சோமாடோஸ்டாடின் என்ற ஹார்மோன் வந்து பொருந்தும் ஏற்பிகள் நிறைய உண்டு. சிகிச்சை முழுவதும் இந்த ஒரு குணத்தைப் பற்றிக்கொண்டுதான் வளர்ந்தது. அந்த ஹார்மோனைப் போன்ற ஒரு சிறு மூலக்கூறோடு கேலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளைக் கட்டி ஊசியில் ஏற்றினால், அது நேரே கட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். பெட் ஸ்கேனில் கட்டி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒளிரும். கேலியத்தின் அரை ஆயுள் 68 நிமிடம்தான். படம் பிடிக்க அது போதும். அதே மூலக்கூறோடு லுட்டீசியம்-177-ஐக் கட்டினால், ஒட்டிய இடத்திலேயே உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டியைச் சுடும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு முறை கொடுப்பது வழக்கம். 229 நோயாளிகளை வைத்து நடந்த நெட்டர்-1 என்ற சோதனையின் முடிவு 2017 ஜனவரியில் வெளியானது. 20 மாத முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் லுட்டீசியம் பெற்ற பிரிவில் 65.2 சதவீதம்; சோமாடோஸ்டாடினைப் போன்ற ஹார்மோன் ஊசியை மட்டும் அதிக அளவில் பெற்ற பிரிவில் 10.8 சதவீதம். இந்தச் சிகிச்சையை ஆஸ்திரேலியா முன்னதாகவே கையில் எடுத்திருந்தது. பீட்டர் மெக்கல்லத்தில் ராட் ஹிக்ஸ் என்ற அணு மருத்துவப் பேராசிரியரின் குழு இந்த ஸ்கேனையும் சிகிச்சையையும் வளர்த்தெடுத்ததில் உலக அளவில் பெயர் பெற்றது.

இவ்வளவு நல்ல சிகிச்சை இருக்கும்போது அறையில் அத்தனை பேர் எதற்கு? ஏனென்றால் இது எல்லோருக்கும் பொருந்தாது. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதைக் காட்டும் கே.ஐ.-67 என்ற அளவு 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மெதுவான கட்டி. 20-ஐத் தாண்டினால் வேகமானது. வேகமானவற்றில் பல கேலியம் ஸ்கேனில் ஒளிராமல், சர்க்கரையை வைத்து எடுக்கும் சாதாரணப் பெட் ஸ்கேனில் ஒளிரும். ஒரே ஆளின் உடம்பில் ஒரு கட்டி ஒரு விதமாகவும், இன்னொன்று வேறு விதமாகவும் இருக்கலாம். இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திசு அறிக்கையோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது கட்டி மொத்தமாக ஹார்மோனைக் கொட்டி ரத்த அழுத்தம் தாறுமாறாகும் ஆபத்து இருப்பதால், மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லி ஆக்ட்ரியோடைட் மருந்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இதயத்தின் வலப்பக்க வால்வுகள் தடித்துப்போகக்கூடும் என்பதால் எக்கோ பார்க்க வேண்டும். 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனைக்கு முன் சில நாள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். அன்றாடம் ரசமும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிடும் வீட்டில் இதை யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் சோதனை முடிவே பொய்யாகிவிடும். ஒவ்வொன்றும் சிறிய விஷயம்தான். இவை எல்லாவற்றையும் ஒரு தனி மருத்துவர் நினைவில் வைத்திருக்க, அவர் இந்த நோயை வாராவாரம் பார்ப்பவராக இருக்க வேண்டும்.

மெல்பர்னில் பீட்டர் மெக்கல்லமும் சிட்னியில் செயின்ட் லெனர்ட்ஸில் உள்ள ராயல் நார்த் ஷோர் மருத்துவமனையும் ஐரோப்பிய நியூரோஎண்டோகிரைன் கட்டிச் சங்கத்தின் சிறப்பு மையத் தகுதி பெற்றவை. தங்கள் சகோதரியை இந்நோய்க்குப் பறிகொடுத்த சிமோன் லேடனும் அவருடைய சகோதரர் மருத்துவர் ஜான் லேடனும் 2009-இல் தொடங்கிய யூனிகார்ன் ஃபவுண்டேஷன், இன்று நியூரோஎண்டோகிரைன் கேன்சர் ஆஸ்திரேலியா என்ற பெயரில் இயங்குகிறது. இந்நோயில் தேர்ந்த செவிலியர்கள் தொலைபேசியில் இலவசமாகப் பேசுகிறார்கள். எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தெரியாமல் நிற்பவர்கள் முதலில் இவர்களை அழைக்கலாம்.

தசை, எலும்பு, கொழுப்புத் திசுக்களில் வரும் இன்னோர் அரிய புற்றுநோய் சார்கோமா. அதில் தாமதத்தைவிட அவசரமே அதிகம் கெடுக்கிறது. தொடையில் ஒரு கட்டி, வலியில்லை. கொழுப்புக் கட்டி என்று நினைத்து உள்ளூர் அறுவை மருத்துவர் அரைமணி நேரத்தில் வெட்டி எடுத்துவிடுகிறார். பத்து நாள் கழித்துத் திசு அறிக்கை வேறு கதை சொல்கிறது. இப்போது செல்கள் வெட்டிய பாதையெங்கும் சிந்தியிருக்கக்கூடும். மறுபடி அகலமாக வெட்ட வேண்டும். முன்பு காப்பாற்றியிருக்கக்கூடிய தசையும் சேர்ந்து போகும். எனவே 5 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள கட்டியோ, ஆழத்தில் இருக்கும் கட்டியோ, வளர்ந்துகொண்டே வரும் கட்டியோ எதுவானாலும், பயாப்ஸி ஊசி குத்துவதற்கு முன்பே சார்கோமா மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஊசி எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியையும் பின்னால் வெட்டி எடுக்க நேரும் என்பதால், எங்கே குத்துவது என்பதைக்கூட அறுவை செய்யப்போகிறவரே சொல்ல வேண்டும்.

இது வெறும் கருத்தல்ல. பிரான்சில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சார்கோமா நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே சிறப்பு மையக் கூட்டத்தில் கோப்பு பேசப்பட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவது குறைவாக இருந்தது. தொடங்கிய பின் கோப்பு வந்து சேர்ந்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. அதே மருத்துவர்கள், அதே அறை. வரிசை மட்டும் மாறியிருந்தது.

சிட்னியில் லைஃப்ஹவுஸும், மெல்பர்னில் பீட்டர் மெக்கல்லமும் செயின்ட் வின்சென்ட்ஸும் சார்கோமாவுக்குப் பெயர்பெற்றவை. 2014-இல் செயின்ட் வின்சென்ட்ஸில் பேராசிரியர் பீட்டர் சூங், குதிகால் எலும்பில் புற்று வந்த 71 வயது முதியவர் ஒருவருக்கு, முப்பரிமாண அச்சில் வார்த்த டைட்டானியக் குதிகாலைப் பொருத்தினார். மெல்பர்னிலேயே உள்ள சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆய்வு அமைப்பின் ஆய்வகமும் அனாடமிக்ஸ் நிறுவனமும் அதைச் செய்துகொடுத்தன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருந்த கால் தப்பியது. உலோகப் பொறியாளரும் அறுவை நிபுணரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் கிடைத்த கால் அது.

சரி, அந்த அறைக்கு எப்படிப் போவது? ஆஸ்திரேலியாவில் வழி குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடமிருந்துதான் தொடங்குகிறது. ஜி.பி. எழுதும் ரெஃபரல் 12 மாதம் செல்லும். ஒரு ஸ்பெஷலிஸ்ட் இன்னொருவருக்கு எழுதுவது 3 மாதம்தான் செல்லும். இரண்டாவது கருத்து கேட்பது இங்கே சாதாரண நடைமுறை. முதல் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வியும் நேரானது: “என் கோப்பு எந்த எம்.டி.டி.யில் பேசப்பட்டது? இந்த நோயை அடிக்கடி பார்ப்பவர் அதில் இருந்தாரா?” இல்லை என்றால், இருக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லலாம். கோப்பு போனால் போதும். பெரும்பாலும் ஆளும் கூடவே போக வேண்டியதில்லை. திட்டம் பார்க்வில்லில் முடிவாகும். ஊசியை உங்கள் ஊர் மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம். கோப்போடு ஸ்கேன் அறிக்கை மட்டுமன்றி ஸ்கேன் படங்களும், பயாப்ஸியின் மெழுகுக் கட்டிகளும் போக வேண்டும். அரிய நோயில் திசுவை வேறொரு தேர்ந்த கண் மறுபடி பார்க்கும்போது நோயின் பெயரே மாறிய சம்பவங்கள் உண்டு.

சில புற்றுநோய்கள் அரியவற்றிலும் அரியவை. அவற்றுக்கென்று தனி அறையே கிடையாது. அத்தகைய நோயாளிகளுக்காகத்தான் வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தின் பேராசிரியர் கிளேர் ஸ்காட் தலைமையில் ஆஸ்திரேலிய அரிய புற்றுநோய்த் தளம் இயங்குகிறது. சிகிச்சை தரும் மருத்துவர் விவரங்களை அனுப்பினால், நிபுணர்களின் ஆலோசனையும் எந்த மரபணுச் சோதனை பயன்படும் என்ற வழிகாட்டலும் திரும்பி வரும். சிட்னியின் கார்வன் நிறுவனத்தில் டேவிட் தாமஸ் 2016-இல் தொடங்கிய மோஸ்ட் திட்டம் கட்டியின் மரபணுவைப் படித்து, அதற்குப் பொருந்தும் மருந்துச் சோதனையைத் தேடித் தருகிறது. ரிச்சர்ட், கேட் வைன்ஸ் தம்பதி 2012-இல் நிறுவிய ரேர் கேன்சர்ஸ் ஆஸ்திரேலியா, மருந்துச் செலவுக்கு வழி தேடவும் அரசிடம் வாதாடவும் நோயாளிகளோடு நிற்கிறது.

அறுவை முடிந்து வீடு திரும்பியபின் தொடங்குவது வேறொரு வாழ்க்கை. மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டியோடு பலர் பத்து ஆண்டு, அதற்கும் மேல் வாழ்கிறார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிட்டத்தில் ஆழமாக அந்த ஹார்மோன் ஊசி. அந்த ஊசியே கணையச் சுரப்பை அடக்குவதால் கொழுப்புச் சேர்ந்த சாப்பாடு செரிக்காது. என்சைம் மாத்திரையைச் சோற்றோடு சேர்த்து விழுங்க வேண்டும். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்ப முடியாது. முடி கொட்டவில்லை, ஆள் மெலியவில்லை. ஆகவே “பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்” என்ற பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். ஸ்கேன் நெருங்கும் வாரத்தில் வீடே பேச்சடங்கிவிடும். இந்த இடத்தில்தான் ஒருங்கிணைக்கும் செவிலியரின் அருமை தெரியும். அடுத்த ஸ்கேன் எப்போது, இந்த வலிக்கு எமர்ஜென்சிக்கு ஓட வேண்டுமா, புதிதாக வந்த இளம் மருத்துவரிடம் பழைய கதையை யார் சொல்வது என்பதற்கெல்லாம் ஒரே தொலைபேசி எண். புதிய கருவி வாங்குவதைவிட இந்தச் செவிலியர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே இப்போது அவசரம் என்பது என் உறுதியான கருத்து.

செலவையும் சொல்ல வேண்டும். அரசு மானியப் பட்டியலில் உள்ள மருந்து ஒன்றுக்கு 2026 ஜனவரி முதல் நோயாளி கட்டும் உச்சத் தொகை 25 டாலர். பட்டியலில் இல்லாத மருந்தோ ஆயிரக்கணக்கில் போகும். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருவோருக்கு நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் பயணச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் அரசு உதவித் திட்டங்கள் உண்டு. யாரும் தாமாக வந்து சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் தெரியவரும்.

எனக்கு இதில் ஆறாத குறை அதுதான். ஆங்கிலம் சரளமாகப் பேசி, தேடிப் படித்து, மருத்துவரை மடக்கிக் கேட்பவர் சரியான அறைக்கு மூன்றே வாரத்தில் போய்விடுகிறார். டாக்டர் சொன்னால் சரிதான் என்று தலையாட்டிவிட்டு வருபவர் போவதில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் சுமார் 95 ஆயிரம் பேர். சிட்னியின் டூங்காபி, பெண்டில் ஹில், மெல்பர்னின் டாண்டினாங், கிளன் வேவர்லி வீடுகளில் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் மகன் அல்லது மகள்தான். அந்தப் பிள்ளை “கேன்சர்” என்ற சொல்லை விழுங்கிவிட்டு “சின்னக் கட்டிதானாம் அம்மா” என்று சொல்லிவிடுகிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் உண்மை தெரியாத அம்மா, முகம் எரிவதையும் இரவில் எட்டு முறை எழுந்து போவதையும் மருத்துவரிடம் சொல்லமாட்டார். அந்தத் தகவல் இல்லாமலேயே அவருடைய கோப்பு அந்த அறையில் திறக்கப்படும். அரசு மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம். நேரம் குறிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, அவர்கள் வழியாக 13 11 20 என்ற கேன்சர் கவுன்சில் எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். ஊரிலிருந்து வரவழைத்த சூரணமோ கஷாயமோ எடுத்துக்கொண்டால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லீரல் தாங்குமா என்று பார்த்துத்தான் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த இடத்தில் நோய் தெரியவரும் பெற்றோரின் நிலை இன்னும் கடினம். இந்தியாவோடும் இலங்கையோடும் ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவ ஒப்பந்தம் கிடையாது; அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அவர்களுக்கு இல்லை. பயணக் காப்பீடு எவ்வளவு தாங்கும் என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். திரும்பிப் போவதே நல்லது என்றால், போகுமுன் பயாப்ஸி மெழுகுக் கட்டியையும் ஸ்கேன் படங்களையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் மும்பை டாடா மெமோரியலிலும் இதே பல்துறைக் கூட்டங்கள் நடக்கின்றன. கேலியம் ஸ்கேனும் லுட்டீசியமும் அங்கேயும் உண்டு. மகன் சிட்னியில் இருந்தபடியே அங்குள்ள மருத்துவரோடு வீடியோவில் உட்காரலாம்.

குடியேறியவர்களின் சங்கங்களும் கோயில்களும் ரத்ததான முகாம் நடத்துவது போல, ஆண்டுக்கு ஒருநாள் ஒரு நியூரோஎண்டோகிரைன் செவிலியரையோ சார்கோமா நிபுணரையோ அழைத்துத் தமிழில் பேசவைக்கலாம். சிட்னியின் மேஸ் ஹில் முருகன் கோயில் மண்டபத்திலும் மெல்பர்னின் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலிலும் அதற்கு இடமிருக்கிறது. சுகாதாரத் துறை செய்ய வேண்டியது அதைவிடப் பெரியது. திசு அறிக்கையில் அரிய புற்றுநோயின் பெயர் பதிவான அன்றே, யாரும் கேட்காமல், அந்தக் கோப்பு உரிய கூட்டத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் ஏற்பாடு ஒவ்வொரு மாநிலத்திலும் வேண்டும். ஆய்வகங்கள் ஏற்கெனவே ஒவ்வொரு புற்றுநோயையும் மாநிலப் பதிவேட்டுக்குத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவை. அதே தகவலை இன்னொரு முகவரிக்கும் அனுப்பச் சொல்வதுதான் மிச்சம்.